மேட்டிலும் மழையிலும் தினமும் ஓட்ட எந்த ஸ்கூட்டர்? வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் பஸ், மெட்ரோ பற்றி எழுதும்போது, ஸ்கூட்டர் வாங்க நினைப்பவர்கள் சந்தேகங்களை எழுதி அனுப்பலாம் என்று ஒரு வரி போட்டிருந்தேன். நான் எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே வந்திருக்கிறது. இருபது வருடத்துக்கு மேலாக இங்கே மொரீஷியஸில் வாக்வாவுக்கும் போர்ட் லூயிஸுக்கும் நடுவே ஸ்கூட்டரில் போய் வருகிறவன் என்ற முறையில், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். சட்டம், லைசென்ஸ், இன்ஷூரன்ஸ் பற்றிய கேள்விகளை இங்கே எடுக்கவில்லை, அதை அந்தந்த அலுவலகத்தில் நேரில் கேட்பதுதான் சரி.

கேள்வி: எனக்கு 26 வயது. காத்ர் போர்னில் வீடு, போர்ட் லூயிஸில் வேலை. உயரம் ஐந்தடிதான். இதுவரை சைக்கிள் மட்டும் ஓட்டியிருக்கிறேன். அண்ணன் 125 சிசிதான் வாங்க வேண்டும் என்கிறார், அப்பா 110 போதும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? (வாசகி, காத்ர் போர்ன்)

பதில்: தங்கச்சி, அண்ணன், அப்பா இரண்டு பேர் சொல்வதையும் கொஞ்ச நேரம் தள்ளி வையுங்கள். முதலில் உங்கள் கால் சொல்வதைக் கேளுங்கள். கடையில் வண்டி சென்டர் ஸ்டாண்டில் நிற்கும்போது ஏறி உட்கார்ந்து பார்ப்பதில் பிரயோஜனமே இல்லை. ஸ்டாண்டை எடுக்கச் சொல்லிவிட்டு, வேலைக்குப் போட்டுப் போகும் அதே செருப்போ ஷூவோ போட்டுக்கொண்டு உட்கார்ந்து, இரண்டு காலும் ஒரே நேரத்தில் தரையில் படுகிறதா என்று பாருங்கள். குதிகால் படவில்லை என்றாலும் பரவாயில்லை, பாதத்தின் முன்பாதி முழுவதும் அழுந்த வேண்டும், விரல் நுனி மட்டும் என்றால் அந்த வண்டி வேண்டாம். விளம்பரத் தாளில் சீட் உயரம் என்று 765, 770 மில்லிமீட்டர் என்று போட்டிருப்பார்கள், அந்த எண்ணை மட்டும் நம்பக் கூடாது, ஏனென்றால் சீட் அகலமாக இருந்தால் தொடை விரிந்து கால் எட்டாமல் போகும். அப்புறம் உட்கார்ந்தபடியே வண்டியைக் காலால் பின்னுக்குத் தள்ளிப் பாருங்கள். சரிவான வாசலில் தினமும் காலையில் நீங்கள் செய்யப்போகும் வேலை அதுதான்.

சென்டர் ஸ்டாண்டையும் போட்டுப் பாருங்கள். சின்ன உடம்புக்காரர்கள் பலர் இங்கேதான் பயப்படுகிறார்கள். கையால் வண்டியைத் தூக்கப் பார்க்காதீர்கள். இடது கை ஹேண்டிலில், வலது கை பின்னால் இருக்கும் பிடியில். வலது பாதத்தை ஸ்டாண்டின் கம்பிமேல் வைத்து, ஸ்டாண்டின் இரண்டு காலும் தரையில் பட்டுவிட்டது என்று காலுக்குத் தெரிந்த பிறகு உடம்பு எடை முழுவதையும் அந்தப் பாதத்தில் இறக்க வேண்டும், வண்டி தானாகப் பின்னால் ஏறிக்கொள்ளும். நாலு முறை செய்தால் பழகிவிடும்.

சரி, இப்போது 110ஆ 125ஆ. உங்கள் வழி காலையில் இறக்கம், மாலையில் ஏற்றம். ஒருவர் மட்டும் போவதென்றால் 110 சிசி தாராளமாகப் போதும். ஆக்டிவா, ஜூபிடர் போன்ற 110 வண்டிகளின் இன்ஜின் ஏறக்குறைய 8 குதிரைத்திறன் தருகிறது, ரோஸ் ஹில் பக்கம் ஏறும்போது முன்னால் போகும் பஸ்ஸைவிடப் பின்தங்கமாட்டீர்கள். தினமும் பின்னால் ஒருவரை ஏற்றிக்கொண்டு மேலே வருவதாக இருந்தால் மட்டும் 125 பாருங்கள். சுஸுகி அக்ஸஸ் 125 சிசி என்றாலும் எடையில் 110 சிசி ஆக்டிவா அளவுதான், இரண்டுமே சுமார் 105 கிலோ. அதனால் பெரிய இன்ஜின் என்றால் கனமான வண்டி என்ற பயம் வேண்டாம்.

இன்ஜினைவிட நான் முக்கியமாக நினைப்பது சக்கரம். ஜூபிடரில் முன்னும் பின்னும் 12 அங்குலம். ஆக்டிவாவிலும் அக்ஸஸிலும் முன்சக்கரம் 12, பின்சக்கரம் 10. இரண்டு அங்குலம் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். மழை ஓய்ந்த மறுநாள் சாலையில் புதிதாக முளைத்திருக்கும் பள்ளத்தில் விழுந்து எழும்போது உங்கள் இடுப்புக்கு அந்த வித்தியாசம் தெரியும். மெட்ரோ தண்டவாளம் சாலையைக் கடக்கும் இடங்களிலும் அப்படித்தான், அங்கே எந்த வண்டியாக இருந்தாலும் தண்டவாளத்துக்குக் குறுக்காக நேரே ஏறி இறங்க வேண்டும், சாய்வாகப் போனால் ஈர இரும்பில் டயர் வழுக்கி இழுத்துக்கொண்டு போய்விடும். பிரேக் பிடித்துக்கொண்டும் கடக்காதீர்கள், முன்னாலேயே வேகத்தைக் குறைத்துவிட்டுப் பிரேக்கை விட்டுவிட்டுக் கடந்து போங்கள்.

இன்னொன்று. முதல் ஆறு மாதம் மோட்டார்வேயில் போக வேண்டாம் என்பது என் கருத்து. ரோஸ் ஹில், போ பஸான், கொரோமண்டல் வழியாகப் பழைய சாலையில் இறங்குங்கள். பத்து நிமிடம் கூடுதலாக ஆனாலும் பரவாயில்லை. மோட்டார்வேயில் பாய் என்ற ஊர்ப் பக்கத்துத் திறந்தவெளியில் தென்கிழக்குக் காற்று பக்கவாட்டில் அடிக்கும்போது ஒரு பெரிய லாரி தாண்டிப் போனால் நூறு கிலோ ஸ்கூட்டர் ஒரு முழம் தள்ளாடும், அதைத் தாங்கிப் பிடிக்கக் கைக்குப் பழக்கம் வர வேண்டும். பழகுவதற்கு ஞாயிறு காலை நல்ல நேரம், ஆனால் உங்கள் ஊரில் வியாழனும் ஞாயிறும் சந்தை நாள் என்பதால் அந்தப் பக்கம் மட்டும் போகாதீர்கள்.

கேள்வி: வயது 61. கியூர்பீப்பிலிருந்து போர்ட் லூயிஸுக்கு வாரம் நாலு நாள் போகிறேன். கியர் மோட்டோ ஓட்டிப் பழகியவன், முழங்கால் வலியால் ஸ்கூட்டருக்கு மாறலாம் என்று பார்க்கிறேன். இறக்கத்தில் ஸ்கூட்டரில் இன்ஜின் பிடிக்காது என்கிறார்களே, உண்மையா? (வாசகர், கியூர்பீப்)

பதில்: ஐயா, பாதி உண்மை. கியர் வண்டியில் இரண்டாவது கியருக்கு இறக்கிவிட்டால் இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். ஸ்கூட்டரில் இன்ஜினையும் பின்சக்கரத்தையும் இணைப்பது ஒரு பெல்ட்டும், சுழலும் வேகத்தால் தானாக ஒட்டிக்கொள்ளும் கிளச்சும்தான். ஓரளவு வேகத்தில் போகும்போது இன்ஜின் பிடிப்பு கொஞ்சம் இருக்கும். வேகம் மிகவும் குறைந்தால் கிளச் விட்டுவிடும், அப்போது வண்டி நியூட்ரலில் போட்ட மாதிரி ஓடும். கியர் வண்டி ஓட்டியவர்கள் பயப்படுவது அந்த இடத்தில்தான். அங்கே திராட்டிலை லேசாகத் தொட்டால் கிளச் மறுபடி ஒட்டிக்கொள்ளும்.

கியூர்பீப் சுமார் 550 மீட்டர் உயரம், போர்ட் லூயிஸ் கடல் மட்டம். இந்த உயரம் முழுவதையும் தினமும் காலையில் உங்கள் பிரேக்தான் தின்ன வேண்டும். அதனால் உங்களுக்கு முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக் இருக்கும் வண்டிதான். டிரம் பிரேக்கை நீண்ட இறக்கத்தில் விடாமல் பிடித்துக்கொண்டே வந்தால் சூடேறிப் பிடிப்புக் குறைந்துவிடும், லீவரை அழுத்த அழுத்த வண்டி நிற்காது. டிஸ்க் திறந்த காற்றில் இருப்பதால் சீக்கிரம் ஆறும். எந்தப் பிரேக்காக இருந்தாலும் விடாமல் தேய்த்துக்கொண்டு வராமல், கொஞ்சம் அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, விட்டு, மறுபடி பிடியுங்கள். இந்தியாவில் 125 சிசி வரையான வண்டிகளில் ஒரு லீவரைப் பிடித்தால் இரண்டு சக்கரமும் சேர்ந்து பிடிக்கும் ஏற்பாடோ, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸோ இருக்க வேண்டும் என்று 2019 ஏப்ரலில் கட்டாயமாக்கினார்கள். இங்கே நீங்கள் பார்க்கும் வண்டியிலும் இதில் ஒன்று இருக்கிறதா என்று கேளுங்கள். வேறு ஊருக்கென்று செய்த வண்டியில் இல்லாமலும் இருக்கலாம்.

முழங்கால் வலிக்கு ஸ்கூட்டர் நல்லதுதான் ஐயா. கால் வைக்கும் பலகை நீளமாக, காலை முன்னும் பின்னும் மாற்றி வைக்க இடம் இருக்கிற மாதிரி பாருங்கள். கரும்பு வெட்டும் மாதங்களில் மட்டும் கூடுதல் கவனம். லாரியிலிருந்து உதிர்ந்த சக்கை, டிராக்டர் சக்கரம் கொண்டுவந்து போட்ட சேறு, அதன்மேல் உங்கள் ஊர்த் தூறல், இந்த மூன்றும் சேர்ந்தால் எந்தப் பிரேக்கும் உதவாது.

கேள்வி: ஐம்பது சிசி வண்டி ஒன்று மகன் கேட்கிறான். காலேஜுக்குப் போக. எசான்ஸ் (பெட்ரோல்) செலவு குறைவு என்கிறான். வாங்கித் தரலாமா? (ஒரு தாய், பீனிக்ஸ்)

பதில்: அக்கா, சமதளத்தில் தனியாகப் போக மட்டும் என்றால் ஓடும். பின்னால் நண்பனை ஏற்றிக்கொண்டு மேட்டில் ஏறினால் திணறும், பையன்கள் ஏற்றாமல் இருக்கவும் மாட்டார்கள். பின்னால் வரும் கார் ஹாரன் அடித்துக்கொண்டே ஒட்டி வரும்போது ஒதுங்க வேகம் இல்லாத வண்டி ஆபத்து. செலவும் பெரிதாகக் குறையாது. மாதம் 750 கிலோமீட்டர் ஓட்டினால் 110 சிசி வண்டி 17 லிட்டர் அளவு குடிக்கும், ஐம்பதில் மூணு நாலு லிட்டர் மிச்சமாகலாம். அந்தக் காசை நல்ல ஹெல்மெட்டில் போடுங்கள். கடைக்கு அவனையே கூட்டிப்போய்த் தலையில் மாட்டி, வார் கட்டி, பின்பக்கத்தைப் பிடித்து முன்னால் தள்ளிப் பாருங்கள். கழன்று நெற்றிக்கு வந்தால் ஒரு அளவு சின்னது எடுங்கள்.

கேள்வி: எலக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்கினால் கியூர்பீப் மேட்டில் ஏறுமா? ஒரு சார்ஜில் 80 கிலோமீட்டர் என்று விற்கிறார்கள். (வாசகர், ஃபுளோரியால்)

பதில்: இந்தக் கேள்வியைப் பலரும் கேட்டிருக்கிறார்கள், அதனால் போர்ட் லூயிஸிலிருந்து கியூர்பீப்புக்கு ஏறி வருவதாக வைத்து ஒரு கணக்கே போட்டுவிடுகிறேன். வண்டி 115 கிலோ, நீங்கள் 70 கிலோ, ஆக 185. இந்த எடையை 550 மீட்டர் மேலே தூக்க மட்டும் 0.28 யூனிட் மின்சாரம் வேண்டும், மோட்டாரில் வீணாவதையும் சேர்த்தால் 0.35 யூனிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். தூரம் ஓடுவதற்குத் தனிக் கணக்கு. சாதாரணமாக ஒரு கிலோமீட்டருக்கு 30 வாட் மணி (ஆயிரம் வாட் மணி ஒரு யூனிட்) பிடித்தால் 20 கிலோமீட்டருக்கு 0.6 யூனிட். ஆக மேலே ஏறி வர ஒரு யூனிட் அளவு. காலையில் இறக்கத்தில் அதில் பாதிக்கும் குறைவாக ஆகும். மொத்தம் ஒன்றரை யூனிட்.

இப்போது விற்பவர் சொல்லும் பேட்டரியைப் பாருங்கள். 2 யூனிட் பேட்டரி என்றால் முதல் வருடம் போய் வந்துவிடலாம், ஆனால் மூன்றாம் வருடம் பேட்டரி தேய்ந்து, எதிர்காற்றும் மழையும் சேர்ந்த ஒரு மாலையில் வாக்வா வரும்போதே சிவப்பு விளக்கு எரியும். 3 யூனிட் அளவு இருந்தால் நிம்மதி. ஒரு சார்ஜில் இத்தனை கிலோமீட்டர் என்ற பேச்சைவிட, எத்தனை யூனிட் பேட்டரி என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். கிலோமீட்டர் கணக்கைச் சமதளத்தில், மெதுவாக, ஒல்லியான ஆளை வைத்து எடுப்பார்கள்.

லித்தியம் பேட்டரியா, லெட் ஆசிட்டா என்பதையும் கேளுங்கள். லெட் ஆசிட் வண்டி விலை குறைவு, ஆனால் மேட்டில் வேகமாக இழுக்கும்போது வோல்டேஜ் படுத்துவிடும், நம் ஊருக்கு அது ஒத்துவராது. மாடி வீடு என்றால் பேட்டரியைக் கழற்றி மேலே கொண்டுபோக முடியுமா என்று பார்த்து, கடையிலேயே ஒருமுறை தூக்கிப் பாருங்கள், பத்து கிலோவுக்கு மேல் இருக்கும், தினமும் இரண்டு மாடி ஏற உங்களால் முடியுமா என்று உங்கள் முதுகுதான் சொல்ல வேண்டும். புயல் எச்சரிக்கை ஒன்று, இரண்டு என்று ஏற ஆரம்பித்ததும் முழு சார்ஜ் போட்டுவிடுங்கள், கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று அப்போது யாராலும் சொல்ல முடியாது.

ஏற்றத்துக்கு எலக்ட்ரிக் மோசம் என்று நான் சொல்லவில்லை. மோட்டாரின் இழுவை நின்ற இடத்திலிருந்தே முழுதாகக் கிடைப்பதால் மேட்டில் சிக்னலில் நின்று கிளம்புவது பெட்ரோல் வண்டியைவிடச் சுகம். எபென், ரோஸ் ஹில், காத்ர் போர்ன் என்று பதினைந்து கிலோமீட்டருக்குள் சுற்றி வருபவர் என்றால் யோசிக்காமல் எலக்ட்ரிக் வாங்கலாம்.

கேள்வி: பேர் தெரியாத ஒரு 125 ஸ்கூட்டர், தெரிந்த கம்பெனி வண்டியைவிட மூன்றில் ஒரு பங்கு விலை குறைவு. பார்க்கவும் அழகு. வாங்கினால் என்ன? (வாசகர், வாக்வா)

பதில்: தம்பி, என் கதை ஒன்று சொல்கிறேன். சில வருடம் முன்பு, ஒரு வெள்ளிக்கிழமை மாலை, மழை. பாய் தாண்டி ஏறிக்கொண்டிருந்தேன். திடீரென்று இன்ஜின் மட்டும் கத்துகிறது, வண்டி நகரவில்லை. தள்ளிக்கொண்டே ஓரம் வந்து, மறுநாள் இடதுபக்க மூடியைக் கழற்றினால், உள்ளே தேங்காய் நாரைப் பிய்த்துப் போட்ட மாதிரி கறுப்பு இழைகள். பெல்ட் அறுந்து தூள் தூளாகியிருந்தது. நாலு மாதம் முன்புதான் ஒரு கராஜில் புதிதாக மாற்றியது. அசல் பெல்ட் கிடைக்கவில்லை என்று அளவுக்கு ஏறக்குறைய ஒத்துவந்த வேறு எதையோ போட்டிருக்கிறார்கள், என்னிடம் சொல்லவும் இல்லை. என் வண்டி அப்போது இங்கே அதிகம் ஓடாத மாடல். அசல் பெல்ட் வெளிநாட்டிலிருந்து வர ஐந்து வாரம் ஆனது, அந்த ஐந்து வாரமும் பஸ்ஸில் போனேன்.

அதனால் வண்டி பார்க்கும் முன் உதிரிபாகக் கடைக்குப் போங்கள். அந்த மாடலின் பெயரைச் சொல்லி, டிரைவ் பெல்ட், அதனுடன் மாற்றும் ரோலர்கள், முன் பிரேக்குக்கான பேட் இருக்கிறதா என்று கேளுங்கள். அலமாரியிலிருந்து எடுத்துக் கையில் கொடுத்தால் வண்டி வாங்கலாம். வரவழைத்துத் தருகிறேன் என்றால், அந்த மூன்றில் ஒரு பங்கு லாபம் பின்னால் உங்கள் சம்பள நாட்களிலிருந்து போகும். மேட்டில் தினமும் ஏறும் வண்டிக்குப் பெல்ட் சீக்கிரம் தேயும், கம்பெனி புத்தகத்தில் சொன்ன கிலோமீட்டர் வரும் முன்பே ஒருமுறை திறந்து பார்க்கச் சொல்லுங்கள். ரோலர் ஒருபக்கம் தட்டையாகத் தேய்ந்திருந்தால் பெல்ட்டோடு சேர்த்தே மாற்றிவிட வேண்டும்.

கேள்வி: பழைய ஸ்கூட்டர் வாங்கப் போகிறேன். என்ன பார்க்க வேண்டும்? (வாசகர், மாய்பூர்)

பதில்: நீங்கள் வருவதற்கு முன் வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று போனிலேயே சொல்லிவிடுங்கள். போனதும் இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் ஏதோ மறைக்கிறார்கள், இன்னொரு நாள் காலையில் வருகிறேன் என்று திரும்பிவிடலாம். நீலப் புகை தொடர்ந்து வந்தால் ஆயில் எரிகிறது. டயரின் பக்கச்சுவரில் நாலு இலக்கம் இருக்கும், 2319 என்றால் 2019ஆம் வருடத்தின் 23ஆவது வாரம் செய்தது. டயரின் பூ வரிகள் தேய்ந்து அழிந்திருக்காவிட்டாலும் பழைய ரப்பர் கல்லாக இறுகியிருக்கும், மழையில் பிடிக்காது. ஸ்டாண்டில் நிறுத்தி முன்சக்கரம் தரையில் படாமல் ஹேண்டிலை மெதுவாகத் திருப்புங்கள், நடுவில் வந்து ‘டக்’ என்று உட்காருவது போலிருந்தால் கழுத்துப் பேரிங் போய்விட்டது, கீழே விழுந்த வண்டியாகவும் இருக்கலாம்.

உங்கள் ஊர் கடலோரம் என்பதால் கடைசியாக ஒன்று, என்னைக் கேட்டால் இதுதான் முதலில். கீழே குனிந்து, டார்ச் அடித்து, சீட்டுக்கு அடியிலும் கால் பலகைக்கு அடியிலும் இருக்கும் இரும்புச் சட்டத்தைப் பாருங்கள். உப்புக்காற்று தின்ற இடத்தில் பெயின்ட் கொப்புளமாக எழும்பியிருக்கும். சாவியால் லேசாகக் குத்தினால் தூள் கொட்டுகிறது என்றால், இன்ஜின் எவ்வளவு நன்றாக இருந்தாலும் வேண்டாம்.

கேள்வி: வெள்ளத்தில் ஸ்கூட்டரை ஓட்டலாமா? போன முறை தண்ணீர் வந்தபோது நண்பர் ஓட்டி வந்துவிட்டார். (வாசகி, போர்ட் லூயிஸ்)

பதில்: வேண்டாம் தங்கச்சி. 2013 மார்ச் 30 அன்று உங்கள் ஊரில் கொஞ்ச நேரத்தில் வந்த தண்ணீரில் 11 பேர் இறந்தார்கள், 2024 ஜனவரி 15 அன்று பெலால் புயலில் கார்களே மிதந்து போனதை எல்லாரும் பார்த்தோம். ஓடும் தண்ணீருக்கு முன்னால் நூறு கிலோ வண்டி ஒரு பொருட்டே இல்லை. நிற்கும் தண்ணீர் என்றாலும் சக்கரத்தின் நடு அச்சு மூழ்குகிற ஆழம் என்றால் போகாதீர்கள். பெல்ட் பெட்டிக்குள் தண்ணீர் புகுந்தால் பெல்ட் வழுக்கும், நடுத் தண்ணீரில் நின்றுவிடுவீர்கள். மூழ்கிய வண்டியை ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டாம், மூழ்கிய எலக்ட்ரிக் வண்டியைச் சார்ஜில் போடவே வேண்டாம், அப்படியே கராஜுக்குத் தள்ளிக்கொண்டு போங்கள். வானம் கறுத்து எச்சரிக்கை வந்த நாளில் வண்டியை ஆபீஸிலேயே மேடான இடத்தில் பூட்டிவிட்டு, பஸ்ஸோ மெட்ரோவோ ஓடும்போதே கிளம்பி வீட்டுக்குப் போய்விடுங்கள். மறுநாள் வந்து எடுத்துக்கொள்ளலாம்.